ஒரே விகிதம், ஒரே நீதியாகுமா?

(ஐதராபாத் நகரின் சொத்து வரி குறித்து மாணவர்களுக்கும் அலுவலர்களுக்குமான உரை)

ஐதராபாத் நகரை மூசி ஆறு இரு கூறாகப் பிரிக்கிறது. தென்கரையில் சார்மினாரைச் சூழ்ந்த பழைய நகரம். வடகரையில் அலுவலகங்களும் புதிய குடியிருப்புகளும். அவற்றுக்கு அப்பால் வடமேற்கில் பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ், மாதாப்பூர், கச்சிபௌலி எனச் செல்வம் குவிந்த பகுதிகள். ஒரே நகரமெனப் பெயர் பெற்றாலும், ஒரே குழாய் நீரையோ, ஒரே தரமான சாலையையோ, ஒரே வகை வடிகாலையோ இப்பகுதிகள் பெற்றதில்லை. ஆயினும் வீட்டு வரிச் சீட்டு மட்டும் எல்லா வாயில்களுக்கும் வந்து சேர்கிறது. அந்தச் சீட்டிலுள்ள தொகை நியாயமானதுதானா என்பதே இவ்வுரையின் பொருள்.

இக்கேள்வி இன்று தோன்றியதன்று. ஐதராபாத்தில் நகராட்சி நிர்வாகம் 1869ஆம் ஆண்டில் தொடங்கியது. பிரிட்டிஷ் ரெசிடென்சி அமைந்திருந்த சாதர்காட் புறநகர் 1886இல் தனி நகராட்சியாகப் பிரிந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு, ஆற்றின் இரு கரைகளும் இரு வேறு பணப்பைகளுடன் வாழ்ந்தன. 1933இல் அவை ஒன்றாயின. செகந்தராபாத் மாநகராட்சி 1960இல் ஐதராபாத்துடன் இணைந்தது. பிரிவதும் சேர்வதுமாகிய இவ்வரலாற்றின் அடியில் ஓடும் வினா ஒன்றே: வளமான பகுதியின் வரி, வறிய பகுதியின் தேவைக்குப் பயன்பட வேண்டுமா?

எல்லையும் பணப்பையும்

உள்ளாட்சி வரியின் நியாயத்தை ஆராய்வோர் பெரும்பாலும் வரி விகிதத்தையே முதலில் நோக்குகின்றனர். ஆனால் விகிதத்துக்கு முன்னே நிற்பது எல்லை. ஒரு நகராட்சியின் எல்லைக்குள் வானளாவிய வணிகக் கட்டடங்கள் பல இருக்குமாயின், அங்கு வீடுகளின்மீது இலேசான வரி விதித்தாலே கருவூலம் நிரம்பிவிடும். அடுத்த நகராட்சியில் சிறு வீடுகள் மட்டுமே இருக்குமாயின், எத்துணைக் கடுமையாக வரி விதித்தாலும் ஒரு வடிகால் கட்டவும் பணம் போதாது. வரிச் சுமை மிகுதி, வசதி குறைவு என்னும் இரட்டைத் துன்பம் ஏழைப் பகுதிக்கே நேர்கிறது.

ஐதராபாத்தில் இந்நிலையை ஓரளவு மாற்றிய நிகழ்ச்சி 2007 ஏப்ரலில் நடைபெற்றது. பழைய மாநகராட்சியுடன் 12 நகராட்சிகளும் 8 கிராம ஊராட்சிகளும் இணைக்கப்பட்டுப் பெருநகர ஐதராபாத் மாநகராட்சி உருவாயிற்று. சுமார் 170 சதுர கிலோமீட்டராக இருந்த நகரப் பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கும் மேலாக விரிந்தது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் குடியேறிய சேரிலிங்கம்பள்ளியும், சிறு வீடுகள் நெருங்கிய மல்காஜ்கிரியும், பழைய நகரமும் ஒரே பணப்பையின் பங்காளிகளாயின.

எனினும் அப்பணப்பையில் ஓட்டைகள் இருந்தன. தொழிற்பேட்டைகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் மாநிலத் தொழிற் கட்டமைப்புக் கழகத்தின் கீழ் இயங்கும் உள்ளாட்சி ஆணையங்களே சொத்து வரியை வசூலிக்கும். அதன் பெரும்பங்கு அப்பேட்டைக்குள்ளேயே செலவிடப்படும். ஒரு பகுதி மட்டுமே நகராட்சியைச் சேரும். மாதாப்பூர், கச்சிபௌலி வட்டாரத்தின் உயர்மதிப்புக் கட்டடங்கள் சில இம்முறைக்குள் அடங்கியவை. பேட்டையில் பணிபுரிவோரும் அவர்களுடைய வீட்டு வேலைகளைச் செய்வோரும் நகரின் சாலையையும் குடிநீரையும் குப்பை வண்டியையும்தாம் பயன்படுத்துகின்றனர். ஆனால் பேட்டையின் வரி முழுமையாக நகருக்கு வருவதில்லை. செகந்தராபாத் பாசறைப் பகுதியும் தனி வாரியத்தின் கீழ்த் தனிப் பணப்பையுடன் இயங்கி வந்தது. மத்திய அரசின் சொத்துகளுக்கு அரசியலமைப்பின் 285ஆவது பிரிவு உள்ளாட்சி வரியிலிருந்து விலக்களிப்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

2025 நவம்பரில், வெளிவட்டச் சாலையை ஒட்டிய 27 நகராட்சிகளையும் மாநகராட்சிகளையும் பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கத் தெலங்கானா அமைச்சரவை முடிவு செய்தது. எல்லைக் கேள்வி மீண்டும் உயிர் பெற்றது. ஒரே மாநகராட்சியாக இருப்பினும் பலவாகப் பிரிக்கப்படினும், கேட்க வேண்டிய கேள்வி மாறுவதில்லை: வளமான கட்டடங்களின் வரி யாருடைய பணப்பைக்குள் விழுகிறது?

மதிப்பீட்டின் மறைவான அநீதி

பணப்பை ஒன்றானால் மட்டும் போதாது. அதில் ஒவ்வொருவரும் இடும் பங்கும் நியாயமாக இருத்தல் வேண்டும். ஐதராபாத்தில் சொத்து வரி, கட்டடத்தின் ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு கணக்கிடப்பட்டு வந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சதுர அடிக்கு இவ்வளவு மாத வாடகை என்று மாநகராட்சி நிர்ணயிக்கும். அலுவலரின் தனி விருப்பத்துக்கு இடமளிக்கும் பழைய முறையைக் குறைக்கும் நோக்குடன், உரிமையாளரே கணக்கிட்டுச் செலுத்தும் தன்மதிப்பீட்டு முறை 1999-2000இல் கொண்டுவரப்பட்டது. இது வரவேற்கத்தக்க சீர்திருத்தமே.

குடியிருப்பு வீடுகளுக்கான விகிதங்கள் படிக்கட்டுபோல் அமைந்தவை. மாத வாடகை மதிப்பு 50 ரூபாய் வரை இருந்தால் வரியில்லை. 51 முதல் 100 ரூபாய் வரை 17 விழுக்காடு. 101 முதல் 200 வரை 19 விழுக்காடு. 201 முதல் 300 வரை 22 விழுக்காடு. 300 ரூபாய்க்கு மேல் 30 விழுக்காடு. கட்டடத்தின் வயதுக்கேற்ப 10 முதல் 30 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு. வரியின்மேல் 8 விழுக்காடு நூலக வரியும் சேரும்.

ஏட்டளவில் இது வளர்வீத வரி. உள்ளவர் மிகுதியாகவும் இல்லாதவர் குறைவாகவும் தரும் ஏற்பாடு. ஆனால் மாதம் 300 ரூபாய் வாடகை மதிப்புள்ள வீடு இன்றைய ஐதராபாத்தில் எங்கே இருக்கிறது? சதுர அடிக்கு ஒரு ரூபாய் என்று மதிப்பிட்டாலும், 301 சதுர அடியுள்ள ஒற்றை அறை வீடு உச்சப் படியில் ஏறி நின்றுவிடுகிறது. மாளிகையும் அதே படியில்தான் நிற்கிறது. வகுத்த காலத்தில் பொருள் பெற்றிருந்த படிக்கட்டு, பணவீக்கத்தால் தரைமட்டமாயிற்று. சட்டத்தில் ஒரு சொல்லும் மாறாமலே வளர்வீத வரி, சம வீத வரியாகிவிட்டது.

சம வீதமாக இருப்பினும் பாதகமில்லை எனச் சிலர் கருதக்கூடும். உண்மை நிலை அதனினும் மோசமானது. கற்பனையாக இரு வீடுகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது 500 சதுர அடி வீடு. நிர்ணயித்த வாடகை சதுர அடிக்கு 1 ரூபாய். ஆண்டு மதிப்பு 6,000 ரூபாய். 30 விழுக்காட்டில் 10 விழுக்காடு தள்ளுபடி போக வரி 1,620 ரூபாய். இரண்டாவது 2,800 சதுர அடி வீடு. நிர்ணயித்த வாடகை 1 ரூபாய் 50 காசு. ஆண்டு மதிப்பு 50,400 ரூபாய்; வரி 13,608 ரூபாய். நூலக வரி இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. முதல் வீட்டின் உண்மையான மாத வாடகை 6,000 ரூபாய் என்றும் இரண்டாவதன் வாடகை 84,000 ரூபாய் என்றும் கொண்டால், சிறு வீடு தன் உண்மை வாடகையில் 2.25 விழுக்காட்டையும் பெரிய வீடு 1.35 விழுக்காட்டையும் வரியாகத் தருகின்றன. தொகையில் பெரிய வீடு மிகுதியாகத் தந்தபோதிலும், விகிதத்தில் சிறு வீடே மிகுதியாகத் தருகிறது.

இதற்குக் காரணம் தெளிவானது. நிலமதிப்பும் வாடகையும் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் உயர்வதில்லை. மென்பொருள் நிறுவனங்கள் வந்த திசையில் அவை பன்மடங்கு உயர்ந்தன. பழைய தெருக்களில் மெல்ல உயர்ந்தன. பல ஆண்டுகள் மறுமதிப்பீடு செய்யாமல் விட்டால், மிக வேகமாக வளர்ந்த பகுதிக்கே மிகப் பெரிய மறைமுகச் சலுகை கிட்டுகிறது. எந்த அரசாணையும் அறிவிக்காத சலுகை இது. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இதற்குக் கணக்கில்லை.

சலுகைகள் யாரைச் சேர்கின்றன?

அறிவிக்கப்பட்ட சலுகைகளையும் இதே தராசில் நிறுத்திப் பார்க்கலாம். ஆண்டு வரி 1,200 ரூபாய்க்கு மிகாத குடியிருப்புகள் 101 ரூபாய் மட்டும் செலுத்தினால் போதும் என்று 2015இல் மாநில அரசு அறிவித்தது. வறிய குடும்பங்களுக்கு இது மெய்யான உதவி. ஆனால் 1,200 ரூபாய் வரியுள்ள வீடு 101 ரூபாய் தர, 1,201 ரூபாய் வரியுள்ள அடுத்த வீடு முழுத் தொகையும் தர நேர்கிறது. ஒரு ரூபாய் வேறுபாட்டில் ஓராயிரம் ரூபாய் பள்ளம். மேற்கூறிய 500 சதுர அடி வீடும் இச்சலுகைக்கு வெளியேதான் நிற்கிறது.

கொரோனாத் தொற்றும் பெருமழையும் தாக்கிய 2020இல், ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை வரி செலுத்தும் ஐதராபாத் குடியிருப்புகளுக்குப் பாதி வரி தள்ளுபடி செய்யப்பட்டது. இடர்க்காலத்தில் உதவி வேண்டியதே. எனினும் நம் கற்பனை வீடுகளில் சிறியது 810 ரூபாயும் பெரியது 6,804 ரூபாயும் பெற்றிருக்கும். ஏற்கெனவே 101 ரூபாய் தரும் வீட்டுக்குக் கிடைப்பது ஐம்பது ரூபாய்ச் சொச்சம். வாடகை வீட்டில் வாழ்வோருக்கு ஒன்றுமில்லை. விழுக்காட்டுத் தள்ளுபடி, பெரிய கிண்ணத்தைக் கொண்டு வந்தவருக்கே மிகுதியாக ஊற்றுகிறது.

ஏப்ரல் மாதத்தில் ஆண்டு வரி முழுவதையும் முன்கூட்டிச் செலுத்துவோருக்கு 5 விழுக்காடு கழிவு அளிக்கப்பட்டு வந்தது. கெடு கடந்தால் மாதம் 2 விழுக்காடு அபராத வட்டி. கையில் மொத்தப் பணம் உள்ளவருக்குக் கழிவு. அன்றாடம் கூலி பெறுவோருக்கு வட்டி. பின்னர் 2020இல் நிலுவை வட்டியில் 90 விழுக்காட்டைத் தள்ளுபடி செய்யும் ஒருமுறைத் திட்டம் வந்தது. வேண்டுமென்றே செலுத்தாதிருந்தவரும் இயலாதிருந்தவரும் ஒன்றாகவே மன்னிக்கப்பட்டனர்; சிரமப்பட்டு உரிய காலத்தில் செலுத்திய எளியவருக்கு மட்டும் எப்பயனும் இல்லை.

இரு தரப்பு வாதங்கள்

சேரிலிங்கம்பள்ளி, கைரதாபாத் வட்டாரங்களின் வசூலுடன் ஒப்பிட்டால் சார்மினார் வட்டாரத்தின் வசூல் மிகச் சிறியது. இதனைச் சுட்டி, வரி தராத பகுதிக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று ஒரு தரப்பார் கேட்கின்றனர். வசதி தராத மாநகராட்சிக்கு ஏன் வரி தர வேண்டும் என்று மறுதரப்பார் கேட்கின்றனர். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் வாதங்கள். வரி குறைவதால் வசதி குறைகிறது. வசதி குறைவதால் வரி தரும் மனம் குறைகிறது.

முதல் வாதத்துக்கு மூசி ஆறே விடை கூறுகிறது. பஞ்சாரா ஹில்ஸ் மேட்டில் பெய்யும் மழை அங்குத் தங்குவதில்லை. மண்ணிருந்த இடத்தில் கற்காரை வந்தபின், நீர் முன்னிலும் வேகமாக ஓடி, நாலா என்று அந்நகரில் வழங்கும் ஓடைகள் வழியே உசேன் சாகர் ஏரிக்கும், அங்கிருந்து தாழ்ந்த குடியிருப்புகளின் ஊடே மூசி ஆற்றுக்கும் செல்கிறது. 2020 அக்டோபரில் பெய்த மழையில் நகரின் பல பகுதிகள் மூழ்கின. தெற்கே ஏரிக்கரை உடைந்து ஹாபிஸ் பாபா நகர் போன்ற எளிய குடியிருப்புகள் வெள்ளத்தில் தத்தளித்தன. மேட்டின் வளர்ச்சிக்குப் பள்ளம் விலை தருமாயின், பள்ளத்தின் வடிகாலுக்கு மேட்டின் வரியைச் செலவிடுவது தருமமன்று, கடன் தீர்ப்பு.

இரண்டாம் வாதத்திலும் முழு உண்மை இல்லை. பழைய நகரில் ஏழைகள் மட்டுமே இல்லை. செழித்த வணிகத் தெருக்களும் உண்டு. அங்கு வரி ஏய்ப்பவர், பக்கத்துத் தெருவின் ஏழைக்கு வரவேண்டிய வடிகாலைத்தான் பறிக்கிறார். அதுபோலவே செல்வப் பகுதியில் செல்வர் மட்டுமே இல்லை. ஜூபிலி ஹில்ஸ் மாளிகைகளின் அடிவாரத்தில் பிலிம் நகரின் குடிசைப் பகுதிகள் உள்ளன. எனவே ஏழைப் பகுதி, பணக்காரப் பகுதி என்று வட்டாரத்தை மட்டும் கொண்டு வரியைக் கூட்டுவதும் குறைப்பதும் முறையாகாது. வரி விதிக்கும்போது நோக்க வேண்டியது வீட்டை. செலவிடும்போது நோக்க வேண்டியது தேவையை.

பிற நகரங்களின் அனுபவம்

இச்சிக்கலைப் பிற நகரங்களும் சந்தித்துள்ளன. இலண்டனில் 1894ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வரிமதிப்பில் ஒவ்வொரு பவுனுக்கும் ஆறு பென்சு வீதம் எல்லாப் பகுதிகளிலும் திரட்டிப் பொது நிதியில் சேர்த்து, மக்கள்தொகைக்கேற்பப் பகிர்ந்தளிக்க வழி செய்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் - செயின்ட் பால் பெருநகரப் பகுதிக்கு 1971இல் இயற்றப்பட்ட சட்டம் இன்னும் நுட்பமானது. அதன்படி, தொழில், வணிகச் சொத்து மதிப்பில் அதன்பின் ஏற்படும் வளர்ச்சியில் 40 விழுக்காடு பொதுத் தொகுப்பில் சேரும். எந்த நகராட்சியும் கலைக்கப்படவில்லை; ஏற்கெனவே இருந்ததும் பறிக்கப்படவில்லை; வளர்ச்சியின் ஒரு பங்கு மட்டும் பொதுவாக்கப்பட்டது. பல உள்ளாட்சிகளாகப் பிரிந்து நிற்கும் பெருநகருக்கு இது பின்பற்றத் தக்க வழி.

மறுமதிப்பீட்டைத் தள்ளிப் போடுவதன் விளைவைச் சென்னை காட்டுகிறது. அந்நகரின் பழைய பகுதிகளில் 1998க்குப் பின் நெடுநாள் பொதுத் திருத்தம் நிகழவில்லை. 2018இல் உயர்த்தப்பட்ட வரி 2019இல் நிறுத்தி வைக்கப்பட்டது. இறுதியில் 2022இல் ஒரே பாய்ச்சலாக உயர்வு வந்தது. ஆயினும் அவ்வுயர்வில் ஒரு நிதானம் இருந்தது. பழைய மாநகரப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 விழுக்காடு; 2011இல் இணைந்த பகுதிகளில் முறையே 25, 100 விழுக்காடு. வீட்டின் அளவும் வட்டாரத்தின் நிலையும் சேர்த்து எண்ணப்பட்டன. ஆனால் இருபது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக ஏற வேண்டியது ஒரே நாளில் ஏறியதால், சுமை பெரிதாகத் தோன்றியது.

செய்யத் தக்கவை

இவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, வாடகை மதிப்போ மூலதன மதிப்போ எதுவாயினும், குறித்த கால இடைவெளியில் தவறாது திருத்தப்பட வேண்டும். விகிதப் படிகளும் விலைவாசியுடன் சேர்ந்து உயர வேண்டும். மதிப்பு உயர்ந்தால் விகிதத்தைக் குறைக்கலாம். மொத்த வசூல் கூடாமலே சுமை நியாயமாக மாறும்.

இரண்டாவது, சலுகை வேண்டுமெனில், விழுக்காட்டுத் தள்ளுபடியாக அன்றி, ஒவ்வொரு குடியிருப்புக்கும் குறிப்பிட்ட மதிப்பு வரை விலக்களிப்பதே சிறந்தது. அப்போது 1,200 ரூபாய்க் கோட்டின் பள்ளமும் மறையும். வரியைச் சிறு தவணைகளாகச் செலுத்தவும் வழி வேண்டும்.

மூன்றாவது, தொழிற்பேட்டைகளின் வரியில் நகரின் பங்கு உயர வேண்டும். பெருநகரில் எத்தனை உள்ளாட்சிகள் இருப்பினும், வணிகச் சொத்து வரியின் வளர்ச்சியில் ஒரு பங்கு பொது நிதியாதல் வேண்டும். இதனைப் பரிந்துரைக்கும் பொறுப்பு, அரசியலமைப்பின் 243ஒய் பிரிவு மாநில நிதிக்குழுவுக்கு அளித்துள்ள பணிக்குள் அடங்கும்.

நான்காவது, வட்டாரந்தோறும் எவ்வளவு வரி வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்னும் கணக்கை மாநகராட்சி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வந்ததும் சென்றதும் சமமாக இருக்க வேண்டியதில்லை. சமமாக இருந்தால் பொது நிதிக்கே பொருளில்லை. ஆனால் எங்கே, எதற்காகக் கூடுதலாகச் செலவாயிற்று என்பதைக் குடிமக்கள் அறிய வேண்டும்.

பதினைந்தாவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதங்களை மாநிலங்கள் அறிவிக்க வேண்டும் என்பதையும், வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து உயர வேண்டும் என்பதையும் நகர மானியங்களுக்கு நிபந்தனைகளாக்கியது. எனவே வசூலைப் பெருக்கும் முயற்சி எல்லா நகரங்களிலும் நடைபெறும். அதில் ஓர் அபாயம் உண்டு. பழைய மதிப்பீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, நெருக்கி வசூலிப்பதனால் மட்டும் இலக்கை எட்ட முயன்றால், எளியவரிடமிருந்தே கூடுதல் பணம் வரும். மதிப்பீட்டைச் செம்மை செய்த பின் வசூலை முடுக்குவதே முறை.

வரிச் சீட்டு வீட்டுவாயிலுக்கு வரும்போது, குடும்பத் தலைவர் கேட்பவை இரண்டு கேள்விகளே: அடுத்த வீட்டுக்காரர் தம் வசதிக்கேற்பத் தருகிறாரா? இந்தப் பணம் இத்தெருவுக்கு என்றேனும் திரும்பி வருமா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று மனச்சான்றோடு விடை கூற இயலும் மாநகராட்சியே வரி கேட்கும் தகுதியை முழுமையாகப் பெறுகிறது. பழைய நகரின் சந்தில் வாழும் குடும்பத்துக்கும் ஜூபிலி ஹில்ஸ் மேட்டில் வாழும் குடும்பத்துக்கும் அந்த விடை ஒன்றாக இருக்கும் நாளில்தான் மூசி ஆற்றின் இரு கரைகளும் மெய்யாகவே ஒரே நகரமாகும்.